இடது இடுப்புக் குடம்

குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகி, பன்னிரண்டாவது நாளும் வராது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும் வரிசை மட்டும் கலையாமல் நின்ற ஒரு பங்குனி மாதச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கோவில்பட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சாலைக்கிணற்றுத் தெருவில், தீப்பெட்டி அளவுச் சதுரங்களால் ஆன ஒரு பெண் இடது இடுப்பில் குடத்தோடு வந்து குழாயடியில் நின்றாள். பச்சைச் சதுரங்கள் சேலை, சிவப்புச் சதுரங்கள் ரவிக்கை, கொண்டையில் ஒரே ஒரு வெள்ளைச் சதுரம் பூ. பக்கவாட்டில் பார்த்தால் முழுப் பெண்; நேராக நம்மைப் பார்த்துத் திரும்பினால் முகத்தில் இரண்டு கறுப்புச் சதுரம்தான் கண், வாய் இல்லை. அவள் சதுரங்களால் ஆனவள் என்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வரிசையில் குடம் போடாமல் முன்னால் போய் நிற்கலாமா என்பதுதான் முதல் சண்டை.

"ஏ இந்தா, யாரு நீ? நேத்தே கொடத்தப் போட்டுட்டுப் போனவ நான் நிக்கேன், நீ பாட்டுக்கு நொழையுத?" என்றாள் குழாய்க்கு எதிர்வீட்டு ராஜகனி.

அவள் காற்றுகூட வராத அந்தக் குழாய்க்கு அடியில் குடத்தை வைத்தாள். "குடம் நிறைந்தது" என்றாள் வாயில்லாமலே, பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் இருப்பதுபோல, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்து. எட்டிப் பார்த்தால் நிறைந்துதான் இருந்தது. அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ராஜகனி வீட்டு வாசலுக்குப் போய், சாய்ந்து திரும்பாமல் கட்டம் போட்டாற்போல் திரும்பி, அங்கே இருந்த பிளாஸ்டிக் டிரம்மில் சாய்த்தாள். நீலச் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன, டிரம்முக்குள் போனதும் சாதாரணத் தண்ணீர் ஆயின. ராஜகனி ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள்.

"உப்பு இல்ல," என்றாள். சண்டை அத்தோடு முடிந்தது.

அன்றைக்கு எட்டு வீட்டுக்கு எட்டுக் குடம். அதற்கு மேல் எவ்வளவு கெஞ்சியும் ஊற்றவில்லை, தெருவில் ஓயாமல் நடக்க மட்டும் செய்தாள். மறுநாளும் எட்டு. தெருவில் முப்பத்தோரு வீடு என்பதால், மூன்றாம் நாளே கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை என்று முறை பிரித்து, காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதிக் குழாய்க் கம்பத்தில் கட்டினார்கள். அவளுக்குக் குடத்தக்கா என்று பெயரும் வைத்தார்கள். வார்டு கவுன்சிலர், தன் முயற்சியால்தான் அவள் வந்தாள் என்று பேனர் கட்டினார். அவர் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் அவள் "நாய் வருகிறது" என்று சொன்னதால் அந்தப் பேனரை அவரே கழற்றினார். ஆதார் எடுக்க வந்தவர்கள் அவள் விரலை மெஷினில் வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, பத்து விரலுக்கும் சேர்த்து இரண்டே சதுரம்தான் இருக்கிறது, இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, மேலே கேட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள், இன்னும் சொல்லவில்லை. தண்ணி லாரிக்காரர் மட்டும் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் வீட்டையும் முறையில் சேர்த்து முப்பத்திரண்டு ஆக்கியதும் சரியாகிவிட்டார்.

எல்லாரும் இப்படிப் பழகிக்கொண்டிருக்க, செண்பகவல்லிக்கு மட்டும் முதல் நாளில் இருந்தே ஓர் உறுத்தல் இருந்தது. வரிசையில் மூன்றாவதாக நின்ற அவள், அந்தப் பெண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோம், அது நல்ல இடம் இல்லை என்று நினைத்தாள். எங்கே என்று பிடிபடவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வருகிற சந்தேகம் போல அது போகவே இல்லை.

அவள் வீட்டுக்காரர் பரமகுரு முன்னறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அவர் குடத்தக்காவை ஒரு தடவை வெளியே வந்து பார்த்தார். உள்ளே போனவர் ஒரே தாளை நாற்பது காப்பி எடுத்துவிட்டார்.

"என்னங்க, அதாரு?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"நம்ம 'தண்ணி'ல உள்ள பிள்ளை," என்றார் அவர்.

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த முன்னறை ஜெராக்ஸ் கடை இல்லை, கம்ப்யூட்டர் சென்டர். இரண்டே மெஷின். படிக்க வருகிற பிள்ளைகள் ஓடிப்போகாமல் இருக்க, பரமகுரு தானே உட்கார்ந்து ஓர் ஆட்டம் எழுதினார். ஒரு பெண் தெருக்குழாயில் குடம் நிரப்பி, நாய்களுக்குத் தப்பி, எட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். 'தண்ணி' என்று பெயர். முதல் வெர்ஷனில் நாய் கிடையாது. இரண்டாவதில் நாய் வந்தது. மூன்றாவதில் அவளுக்குச் சேலை மாறியது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட செண்பகவல்லிக்கு அதில் ஒன்றும் விளங்காது, ஆனால் ஒருநாள் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தவள் திரையைப் பார்த்துவிட்டு, "எந்தப் பொம்பள வலது இடுப்புல கொடம் வைப்பா? வலது கை வேலைக்கு வேணாமா?" என்று கேட்டாள். பரமகுரு யோசித்தார். ஒரு வாரம் உட்கார்ந்து குடத்தை இடது இடுப்புக்கு மாற்றினார். அதுதான் நாலாவது வெர்ஷன். அதற்கு அப்புறம் வெர்ஷன் இல்லை, ஆட்டமும் இல்லை, கொஞ்ச நாளில் சென்டரும் இல்லை. ஆட்டத்தைப் பதிந்து வைத்திருந்த ஃப்ளாப்பி எல்லாம் கெட்டுப்போச்சு, ஈரம் அடித்துப் பூஞ்சை பிடித்துவிட்டது என்று அவர் எல்லாரிடமும் சொன்னார்.

பூஞ்சை இல்லை என்பது செண்பகவல்லிக்குத் தெரியும். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவள்தான் மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்தாள். கீபோர்டுக்கு ஒன்று, மானிட்டருக்கு ஒன்று, வாசல் நிலைக்கு ஒன்று. ஃப்ளாப்பிகளை எடுத்தபோது, மேலே இருக்கிற தகரத்தை ஒதுக்கினால் உள்ளே கறுப்பாகக் கண்மாதிரி ஒன்று தெரிவதைப் பார்த்தாள். மேல் அட்டையில் வைப்பது சட்டைக்கு வைக்கிற மாதிரி, உள்ளே இருக்கிற உயிருக்கு வைத்தால்தானே சரி என்று நினைத்து, பதினோரு ஃப்ளாப்பிக்கும் தகரத்தைக் கட்டை விரலால் ஒதுக்கி ஒதுக்கி, குழைத்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தாள். எவ்வளவு பக்தியாக வைத்தாள்! நாலு நாள் கழித்து மெஷின் கரகரவென்று கத்தியதையும் அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்ததையும் அடுப்படியில் இருந்தே கேட்டாள், பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

அஞ்சாவது வாரம், வாசல் பெருக்கும்போது சிவப்பாக ஒன்று கிடந்தது. தீப்பெட்டி லேபிள் என்று நினைத்து எடுத்தாள். இரண்டு பக்கமும் சிவப்பு, கனமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் குடத்தக்காவின் ரவிக்கைக் கையில் ஒரு சதுரம் இல்லை. அந்த ஓட்டை வழியாக ராஜகனி வீட்டுச் சுவர் தெரிந்தது. மறுநாள் பூ விழுந்தது. அதற்கு மறுநாள் முழங்கையில் இரண்டு.

தீப்பெட்டி ஒட்டியே வளர்ந்த தெரு அது. பெண்கள் சும்மா இருப்பார்களா? மைதா மாவு காய்ச்சினார்கள், பசை எடுத்தார்கள், குடத்தக்காவை நடக்க விட்டு அவள் கூடவே நடந்து, விழுந்த சதுரத்தை விழுந்த இடத்தில் ஒட்டினார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் பெட்டி ஒட்டுகிற கைகள். வெயிலில் நன்றாகக் காய்ந்தது. சாயங்காலம் எல்லாம் உதிர்ந்தது, கூட இரண்டையும் சேர்த்துக்கொண்டு. அப்புறம் அவள் எட்டு வீட்டுக்குப் பதில் ஏழு வீட்டுக்குத்தான் ஊற்றினாள்.

இந்தச் செய்தி எப்படியோ கயத்தாறு வரைக்கும் போய், அங்கே இருந்து ஜெபசிங் என்று ஒருவர் தோளில் பையோடு வந்தார். பழைய ஆட்டங்களின் தொலைந்துபோன வெர்ஷன்களைத் தேடிப் பிடித்துப் பத்திரப்படுத்துவதுதான் அவர் வேலை. ஸ்கூல் வாத்தியார் வேலை அவருக்கு அதற்கு அப்புறம்தான். குடத்தக்காவைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

"இப்பிடி எனக்குத் தெரிஞ்சு இது மூணாவது. ஏன் வர்றாங்கன்னு எனக்கும் தெரியாதுக்கா," என்றார். "கீழக்கரைல ஒரு காரு வந்துச்சு, ஆளே இல்லாம ஓடும். அதோட வெர்ஷனத் தேடுறதுக்குள்ள சக்கரத்துல இருந்து கரைஞ்சு போச்சு. சாத்தூர்ல ஒரு கிளி. அதோடது கெடச்சது. போட்டு ஓட்டினோம், பறந்து உள்ள போயி உக்காந்துக்கிச்சு. ஆனா அதே வெர்ஷனா இருக்கணும். வேறதப் போட்டா திரும்பிக்கூடப் பாக்காது. அண்ணே, இந்தப் பிள்ள எத்தனாவது?"

பரமகுரு அவள் இடுப்பைப் பார்த்தார். "நாலு," என்றார். "நாலு கெடையாது. பூஞ்சை பிடிச்சிருச்சு."

செண்பகவல்லி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"யாருக்காவது அதக் காப்பி எடுத்துக் குடுத்தீங்களா?"

குடுத்திருந்தார். பழைய அட்மிஷன் நோட்டில் யார் யார் ஃப்ளாப்பி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று டிக் அடித்திருந்தது, இருபத்தேழு பேர். அவர் கடையை விட்டு வர முடியாது என்று சொன்னதும் நான் போறேன் என்று செண்பகவல்லி சொன்னாள். இத்தனை வருஷத்தில் தனியாக சாத்தூர்கூடப் போகாதவள் அப்படிச் சொன்னதைக் கேட்டு அவர் ஆச்சரியப்பட்டாரா என்று தெரியவில்லை. நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபசிங்கும் அவளும் பஸ் ஏறினார்கள். கழுகுமலையில் ஒருவர் ஃப்ளாப்பியை ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்திருந்தார். விளாத்திகுளத்தில் ஒருவர் தகரத்தைக் கழற்றி மீன் செதில் சுரண்ட வைத்திருந்தார். சாத்தூரில் கிடைத்தது இரண்டாவது வெர்ஷன். ஜெபசிங் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், மெஷினை நாற்பது தடவை படிக்க வைத்து, படித்ததை மூன்று இடத்தில் சேர்த்து வைத்தார். அவருக்குச் சந்தோஷம், செண்பகவல்லிக்கு அழுகை. கடம்பூரில் கிடைத்ததை ஓட்டிப் பார்த்தபோது அவள் திரையோடு ஒட்டி நின்று பார்த்தாள். பச்சைச் சேலை, வெள்ளைப் பூ, எல்லாம் சரி. குடம் வலது இடுப்பில்.

"மூணு," என்றார் ஜெபசிங். "ஒரு இடுப்புதாங்க்கா வித்தியாசம்."

"ஒரு இடுப்புன்னா சும்மாவா?" என்றாள் அவள்.

வீடு திரும்புகிறபோதெல்லாம் குடத்தக்கா இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தாள். ஆடி பிறந்தபோது ஒரு கை இல்லை, குடத்தின் அடியில் பாதி இல்லை, ஊற்றுவது நாலு வீட்டுக்கு. விழுந்ததை எல்லாம் செண்பகவல்லி பிஸ்கட் டப்பாவில் பொறுக்கி வைத்தாள். இவள் போகப்போவது என் கையால், என்று ஒரு நிமிஷம் தோன்றும். இவள் யார், நிஜமா என்ன, எதற்காக நான் இப்படிப் பதறுகிறேன், என்று அடுத்த நிமிஷம் தோன்றும். இரண்டில் எது சரி என்று கேட்க ஆள் இல்லை.

இருபத்து நாலாவது பெயர் எட்டயபுரம் பிரேமலீலா. சத்துணவு அமைப்பாளராக இருந்தாள். கேட்டதும் பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் ஃபைலில் பள்ளிக்கூட டி.சி.க்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில் இருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்தாள். லேபிளில் பரமகுருவின் கையெழுத்தில் 4.

"சென்டர இழுத்துப் பூட்டுனதுல எங்களுக்கு சர்ட்டிபிகேட்டே வரல மதினி. நானும் கம்ப்யூட்டர் படிச்சேன்னு சொல்ல எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். திருப்பித் தந்துருவீங்கல்ல?"

"தாரேன்," என்றாள் செண்பகவல்லி.

காந்தம் பக்கத்தில் வைக்கக் கூடாது, போன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று ஜெபசிங் சொல்லியிருந்ததால், எட்டயபுரத்தில் இருந்து கோவில்பட்டி வரை அதைப் பாலூற்றிய கிண்ணம் போல இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, பாட்டு போட்ட டிரைவரிடம் போய் ஸ்பீக்கரில் காந்தம் இருக்குமா தம்பி என்று கேட்டு, அவர் முறைத்ததும் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஓட்டுவதாகப் பேச்சு. மார்க்கெட்டுக்குப் போய்விட்டுப் பத்தரைக்குத் திரும்பினால் சொந்த வீட்டு வாசலுக்குள் அவளால் போக முடியவில்லை. படியில் இருந்து கடைக் கதவு வரைக்கும், அவள் வீடு போக மற்ற முப்பத்தோரு வீட்டுக் குடமும் வரிசையாகப் போட்டிருந்தது. அடுத்தவள் போட்ட குடத்தை நகர்த்துவது அந்தத் தெருவில் அடுத்தவள் தாலியைத் தொடுவதற்குச் சமம். இதுவரை யாரும் தொட்டதில்லை.

"நகராது மதினி," என்றாள் ராஜகனி, வரிசையின் முதல் குடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "நாலு வீட்டுக்காச்சும் ஊத்துதால்ல? இருக்கற வரைக்கும் ஊத்தட்டுமே. அவளா போறேன்னு சொன்னாளா?"

"இன்னும் ஒரு மாசத்துல ஒண்ணுமில்லாமப் போயிருவா, ராஜகனி."

"நாமளுந்தான் போயிருவோம். அதுக்காக இன்னைக்கு சோறு பொங்காம இருக்கமா?"

எல்லாரும் சிரித்தார்கள். தெருக் கோடியில் குடத்தக்கா ஒற்றைக் கையால் குடத்தை அணைத்தபடி திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தாள், அவள் வழியாகத் தெரு முழுவதும் தெரிந்தது. யோசிக்காமலே செண்பகவல்லி சொல்லிவிட்டாள்.

"அந்த ஃப்ளாப்பிங்க பூஞ்சை பிடிச்சுக் கெடல. நாந்தான் கெடுத்தேன். ஆயுத பூசைக்குத் தகரத்த ஒதுக்கி உள்ள சந்தனம் வச்சேன். பதினொண்ணுக்கும். அவ வீட்ட அழிச்சவ நானு. நாந்தான் கொண்டுபோய் விடணும்."

பிறகு பின்வரிசையில் இருந்து யாரோ, "எங்க மிக்சிக்கு நானும் உள்ள வச்சேன், புகஞ்சு போச்சு," என்றார்கள். "தையல் மெஷினு," என்றது இன்னொரு குரல். "எங்க மாமனாரு காது மெஷினுக்கு," என்று தண்ணி லாரிக்காரர் சொன்னபோது சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் புரியவில்லை.

பரமகுரு கடைக்குள் இருந்து குடங்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "எனக்குத் தெரியும் செண்பா," என்றார். "பஞ்சு வச்சுத் தொடச்சேன்ல? மஞ்சளா வந்துச்சு. வாசமா வேற இருந்துச்சு."

"அப்பமே தெரியுமா?"

"அப்பமே."

"பெறகு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அதுக்கப்பறம் எதுக்குமே பொட்டு வச்சிருக்க மாட்ட."

இருபத்தைந்து வருஷம் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பயந்து பயந்து பொட்டு வைத்தது அவளுக்கு நினைவு வந்தது. ஆறுதலாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தாள். வந்தது கோபம். கையில் இருந்த முருங்கைக்காய்க் கட்டை அவர் மேல் எறிந்தாள்; அது அவர் பக்கத்தில் மெஷினோடு நின்ற ஜெபசிங் மேல் விழுந்தது. ராஜகனி குனிந்து, தன் குடத்தைத் தானே எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள்.

ஜெபசிங் கொண்டுவந்த பழைய மெஷினில் ஃப்ளாப்பி கரகரத்து, நின்று, மறுபடி கரகரத்து ஓடியது. திரையில் தெரு வந்தது. எட்டு வீடு, ஒரு குழாய், இரண்டு நாய். குழாயடியில் யாரும் இல்லை. குடத்தக்கா வாசலில் கட்டம் போட்டாற்போல் திரும்பினாள், படி ஏறினாள், ஜெராக்ஸ் மெஷினைத் தாண்டினாள், ஒவ்வோர் அடிக்கும் சின்னதாகிச் சின்னதாகி, கடைசி அடியைத் திரைக்குள் எடுத்து வைத்தாள். குழாயடியில் போய் நின்றபோது கை இருந்தது, பூ இருந்தது, குடம் முழுசாக இடது இடுப்பில் இருந்தது.

ஜெபசிங் மூன்று காப்பி எடுத்து முடிக்கும்வரை எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன் அசைய மாட்டேங்கா?" என்றாள் ராஜகனி.

"நாம அமுக்கினாத்தான் நடப்பாங்க," என்றார் ஜெபசிங். "நீங்க அமுக்குங்க்கா."

செண்பகவல்லி வாழ்க்கையில் கீபோர்டைத் துடைத்திருக்கிறாள், அமுக்கியதில்லை. ஒற்றை விரலால் அமுக்கினாள். குடத்தக்கா ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. முதல் வீட்டுக்கு ஊற்றினாள், தெருவே கை தட்டியது. இரண்டாவது வீட்டுக்குத் திரும்புவதற்கு எந்தப் பொத்தான் என்று குனிந்து பார்த்து நிமிர்வதற்குள் நாய் வந்து விழுந்தது. குடம் உருண்டது. குடத்தக்கா குப்புற விழுந்து, மூன்று தடவை மின்னி, இல்லாமல் போனாள்.

"அய்யய்யோ, கொன்னுட்டியே மதினி!"

செண்பகவல்லி நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டாள். மறுபடியும் நானா, மறுபடியும் என் கையா என்பதைத் தவிர வேறொன்றும் தலைக்குள் ஓடவில்லை.

"உக்காரு," என்றார் பரமகுரு. "எதையாவது ஒண்ண அமுக்கு."

அமுக்கினாள். குழாயடியில் குடத்தக்கா நின்றாள். கை, பூ, குடம், எல்லாம் அப்படியே. நாய் கடித்த இடம் என்று ஒன்று இல்லை. விழுந்த குடத்தில் நெளிசல் இல்லை.

"என்னையத் தெரியுதா?" என்று செண்பகவல்லி திரையைப் பார்த்துக் கேட்டாள். இரண்டு கறுப்புச் சதுரங்கள் அவளைப் பார்த்தன, அல்லது அவளுக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தன. தெருவில் நாலு மாதம் நடந்தவள் இவள்தானா, இல்லை எதுவும் நடக்காத இன்னொருத்தியா, ஒரு தப்பு சுத்தமாக இல்லாமல் போவது நல்லதா கெட்டதா, ஒன்றும் விளங்கவில்லை.

"ம், நடத்து மதினி. மொத வீடு எங்க வீடுதான்," என்று பின்னால் இருந்து நெருக்கினாள் ராஜகனி.

செண்பகவல்லி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பங்குனியில் இருந்து இன்று வரைக்கும், குடம் நிறைகிற நேரம் தவிர, குடத்தக்கா ஒரு இடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இருக்கட்டும்," என்றாள். "கொஞ்ச நேரம் சும்மா நிக்கட்டும்."

ராஜகனி இடுப்பில் இருந்த காலிக் குடத்தைக் கீழே கவிழ்த்து வைத்து, அதன் மேல் உட்கார்ந்தாள்.